நிறமாலை அளவீட்டிலிருந்து நிற எண்களுக்கு: ஒரு முழுமையான வழிகாட்டி

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில், கடையின் எல்ஈடி விளக்கின் கீழ் சேலையோடு சேர்த்துப் பார்த்தபோது அச்சொட்டாகப் பொருந்திய சட்டைத்துணி, வெயிலுக்கு வந்ததும் வேறொரு நிறமாகிவிடும். கொழும்பில் துணி வாங்கும் எவருக்கும் இது புதிதல்ல. கட்டுநாயக்கவிலும் பியகமவிலும் உள்ள ஆடைத் தொழிற்சாலைகளில் இதே சிக்கல் பெருந்தொகைத் துணியில் தலைகாட்டுகிறது. அச்சகங்களில் அட்டைப்பெட்டியின் நிறத்தில் தலைகாட்டுகிறது.

இதைக் கையாளத்தான் நிறமாலை ஒளிமானி இருக்கிறது. துணித்துண்டை அதன் வாயில் வைத்து அழுத்தினால், ஒவ்வோர் அலைநீளத்திலும் எவ்வளவு ஒளி தெறிக்கிறது என்ற எண் வரிசை, அதாவது துணியின் நிறமாலை, கிடைக்கும். அந்த வரிசையை எக்ஸ்-ஒய்-இசட் (அடிப்படை எண்கள்), லேப் (நிற வித்தியாசத்தை ஒப்பிட), எஸ்ஆர்ஜிபி (கணினித் திரைக்கு) என்னும் நிற எண்களாக மாற்றும் கணக்கை முதலிலிருந்து கடைசி வரை இங்கே செய்து பார்ப்போம். ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களையும், சொந்தமாக நிரல் எழுத விரும்பும் மாணவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். விரிதாளும் உயர்தர வகுப்புக் கணிதமும் போதும்.

தொடங்குமுன் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நிறமாலை துணிக்குச் சொந்தமானது. லேப் எண்ணோ துணி, அதன்மேல் விழும் ஒளி, பார்க்கும் கண் ஆகிய மூன்றும் சேர்ந்து பிறப்பது. எந்த ஒளி, எந்த அவதானி (பார்க்கும் கண்ணுக்கான நியம மாதிரி) என்று எழுதாமல் அனுப்பப்படும் லேப் எண்ணை நான் நிறமாகவே ஏற்றுக்கொள்வதில்லை. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இந்த இரண்டையும் கூடவே எழுதிக்கொண்டு வாருங்கள்.

முதற்படி: கோப்பில் இருப்பதைப் படித்தல்

பெரும்பாலான கருவிகள் 400 முதல் 700 நனோமீற்றர் வரை 10 நனோமீற்றர் இடைவெளியில் 31 எண்களைத் தரும். சில 360-இல் தொடங்கும். சில 20 நனோமீற்றர் இடைவெளியில் தரும். ஒவ்வோர் எண்ணும் அந்த அலைநீளத்தில் விழுந்த ஒளியில் எவ்வளவு தெறித்து வந்தது என்பதைச் சொல்கிறது. அது 0 முதல் 1 வரையிலான பின்னமா, சதவீதமா என்று முதலில் பாருங்கள். கோப்பில் 43.2 என்று கண்டால் 0.432 ஆக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது அளவீட்டு அமைப்பு. கோளத்துக்குள் ஒளியைப் பரப்பி 8 பாகையில் அளக்கும் கருவியும், 45 பாகையில் ஒளியூட்டி நேர்மேலிருந்து அளக்கும் கருவியும் ஒரே பட்டுத்துணிக்கு வெவ்வேறு எண்களைத் தரும். கோளக் கருவியிலும் பளபளப்பைச் சேர்த்து அளந்தீர்களா, விலக்கி அளந்தீர்களா என்பதைப் பொறுத்து எண் மாறும். மங்கலான பருத்தியில் வித்தியாசம் சிறிது. காஞ்சிபுரம் பட்டில் அது பெரிது. இந்த விவரம் கோப்பில் இல்லையென்றால் அளந்தவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் கணக்கால் இதைச் சரிசெய்ய வழி கிடையாது.

கொழும்புக் காற்றின் ஈரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பருத்தி ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய துணி கருமைப்படும். துணிச் சோதனைக்கான நியம வளிநிலை 20 பாகை செல்சியஸ், 65 சதவீத ஈரப்பதன். குளிரூட்டிய அறைக்குள் துண்டைக் கொண்டுவந்தவுடன் அளக்காதீர்கள். அறையின் நிலைக்கு அது வரும்வரை பொறுங்கள். ஒளி ஊடுருவாத அளவுக்கு மடித்து, சில இடங்களில் அளந்து, நெசவின் திசைக்காகத் துண்டை 90 பாகை திருப்பியும் அளந்து, நிறமாலைகளைச் சராசரி எடுங்கள். சராசரியை இங்கேயே எடுத்துவிடுவது நல்லது.

வெள்ளைத் துணி ஒரு தனிக் கதை. பாடசாலைச் சீருடைத் துணியை அளந்தால் 440 நனோமீற்றர் அருகே தெறிப்பு 100 சதவீதத்தைத் தாண்டக்கூடும். கருவி பழுதில்லை. துணியில் ஊட்டப்பட்டிருக்கும் ஒளிர்வூட்டி, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை உறிஞ்சி நீலமாக வெளியிடுகிறது. அந்த எண்ணை 100 என்று வெட்டிவிடாதீர்கள்; வெண்மையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. ஆனால் கருவியின் விளக்கில் எவ்வளவு புற ஊதா இருந்தது என்பதைப் பொறுத்து இந்த மேடு ஏறும், இறங்கும். அச்சுத்துறையில் இதை மூன்று குறியீடுகளால் பிரிப்பார்கள்: எம்0 என்றால் பழைய இழை விளக்கு, புற ஊதா கட்டுப்படுத்தப்படவில்லை, எம்1 என்றால் டி50 பகலொளிக்கு ஈடான புற ஊதா உண்டு, எம்2 என்றால் புற ஊதா வடிகட்டப்பட்டது. ஒரே சீருடைத் துணியின் எம்0 அளவையும் எம்2 அளவையும் ஒப்பிட்டுச் சண்டை பிடிப்பதில் பயனில்லை.

இரண்டாம் படி: ஒளியையும் அவதானியையும் தெரிதல்

ஒளி என்றால் இங்கே விளக்கு அல்ல, ஓர் அட்டவணை: ஒவ்வோர் அலைநீளத்திலும் எவ்வளவு ஆற்றல் என்ற பட்டியல். சர்வதேச ஒளியூட்டல் ஆணைக்குழுவான சிஐஇ இவற்றை வெளியிட்டிருக்கிறது. டி65 என்பது ஏறத்தாழ 6500 கெல்வின் பகலொளி. துணி, பெயின்ற், கணினித் திரை ஆகியவற்றுக்கு அதுவே நியமம். அச்சுத்துறை டி50-ஐப் பயன்படுத்துகிறது. ஏ என்பது 2856 கெல்வின் இழை மின்குமிழ். கடைக் குழல் விளக்குகளுக்கு எஃப் வரிசை உண்டு. எல்ஈடி விளக்குகளுக்கான பட்டியல்களை சிஐஇ 2018-இல் சேர்த்தது. இன்றைய புறக்கோட்டைக் கடையைக் கணக்கில் கொண்டுவர இவை இன்றியமையாதவை.

அவதானி என்பது சராசரி மனிதக் கண்ணின் மூன்று உணர்திறன் சார்புகள். 1931-இல் வந்தது 2 பாகை அவதானி. 1920-களில் ரைட்டும் கில்ட்டும் பிரித்தானியாவில் தனித்தனியே செய்த நிறப்பொருத்தச் சோதனைகள் அதன் அடிப்படை. கையை நீட்டிப் பெருவிரல் நகத்தைப் பார்க்கும்போது ஏறத்தாழ அந்தப் பரப்புத்தான் கண்ணில் விழுகிறது. பெரிய பரப்புக்காக 1964-இல் 10 பாகை அவதானி வந்தது. துணிக்காரர்கள் பெரும்பாலும் டி65, 10 பாகை. அச்சகத்தார் டி50, 2 பாகை. திரைக்கு டி65, 2 பாகை.

இவற்றின் அட்டவணைகளை சிஐஇ இணையத்தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள். எங்கோ ஒட்டப்பட்ட பட்டியலை நம்ப வேண்டாம்.

மூன்றாம் படி: அலைநீளங்களை ஒத்துப்போக வைத்தல்

உங்கள் தெறிப்பு 10 நனோமீற்றர் இடைவெளியில் இருக்கிறது. அட்டவணைகள் 1 அல்லது 5 நனோமீற்றரில் இருக்கின்றன. டி65 போன்ற வழுவழுப்பான ஒளிக்கு, அட்டவணையில் 10-க்கு ஒன்றாக எடுத்துப் பெருக்கினால் பெரும்பாலான வேலைக்குப் போதும். குழல் விளக்குக்கு அது போதாது. அதன் நிறமாலையில் ஊசி போன்ற கூர்முனைகள் உண்டு; 10 நனோமீற்றர் தாண்டிக் குதிக்கும்போது சில முனைகள் முற்றாகத் தவறிப்போகும். அப்போது தெறிப்பைத்தான் 1 நனோமீற்றருக்கு விரிக்க வேண்டும். நேர்கோட்டால் இணைக்காமல், இடைமதிப்புகளை வழுவழுப்பான வளைகோட்டால் நிரப்பும் ஸ்ப்ராக் முறையையோ கன ஸ்பிளைனையோ பயன்படுத்துங்கள். இன்னொரு வழி, ஏஎஸ்டிஎம் ஈ308 நியமத்தில் உள்ள நிறையிட்ட அட்டவணைகள். ஒளியும் அவதானியும் அவற்றில் ஏற்கெனவே பெருக்கப்பட்டிருக்கும். தொழிற்சாலை வேலைக்கு நான் இவற்றையே பரிந்துரைப்பேன். கருவி உற்பத்தியாளர்கள் தரும் எண்களோடு அப்போதுதான் ஒத்துப்போவீர்கள்.

விளிம்புகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. உங்கள் அளவு 400-இல் தொடங்கி 700-இல் முடிகிறது. கண் அதற்கு அப்பாலும் சிறிது பார்க்கிறது. இல்லாத இடத்தில் சுழியம் போடாதீர்கள். 700-இல் உள்ள மதிப்பையே 780 வரைக்கும், 400-இல் உள்ளதையே 380 வரைக்கும் நீட்டுங்கள். சிவப்புத் துணி 700-க்கு அப்பால் திடீரென்று கறுத்துவிடுவதில்லை.

நான்காம் படி: எக்ஸ், ஒய், இசட்

கணக்கின் இதயம் இதுதான். ஒவ்வோர் அலைநீளத்திலும் ஒளியின் ஆற்றல், துணியின் தெறிப்பு, அவதானியின் சார்பு ஆகிய மூன்றையும் பெருக்குங்கள். எல்லா அலைநீளங்களுக்கும் கூட்டுங்கள். எக்ஸ்-சார்பால் பெருக்கிக் கூட்டினால் எக்ஸ், ஒய்-சார்பால் ஒய், இசட்-சார்பால் இசட்.

எக்ஸ் = கே × (ஒளி × தெறிப்பு × எக்ஸ்-சார்பு ஆகியவற்றின் கூட்டுத்தொகை)

கே என்ற காரணி, முழு வெள்ளைக்கு ஒய் சரியாக 100 வருமாறு அமைகிறது:

கே = 100 ÷ (ஒளி × ஒய்-சார்பு ஆகியவற்றின் கூட்டுத்தொகை)

டி65, 2 பாகை, 10 நனோமீற்றர் இடைவெளி என்றால் அந்தக் கீழ்க்கூட்டுத்தொகை 1057-க்கு அருகில் வரும். எனவே கே ஏறத்தாழ 0.0946.

ஒரு வரியை மட்டும் கிட்ட வைத்துப் பார்ப்போம். குங்குமச் சிவப்புத் துணி 600 நனோமீற்றரில் 0.40 தெறிக்கிறது என்று வையுங்கள். அங்கே டி65-இன் மதிப்பு 90.006. 1931 அவதானியின் சார்புகள் முறையே 1.0622, 0.6310, 0.0008. பெருக்கினால் எக்ஸ் பக்கம் 38.24, ஒய் பக்கம் 22.72, இசட் பக்கம் 0.03. கே-ஆல் பெருக்கினால் இந்த ஒரே அலைநீளம் எக்ஸுக்கு 3.62-ஐயும் ஒய்க்கு 2.15-ஐயும் கொடுக்கிறது; இசட்டுக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. விரிதாளில் இப்படி ஒவ்வோர் அலைநீளத்துக்கும் ஒரு வரி. எண்கள் எங்கே திரள்கின்றன என்று கண்ணால் ஓட்டிப் பாருங்கள். நிறம் எங்கிருந்து வருகிறது என்பது அப்போது விளங்கும்.

ஐந்தாம் படி: கணக்கைச் சோதித்தல்

துணி எண்ணைப் போடுமுன், எல்லா அலைநீளத்துக்கும் 1.0 என்ற தெறிப்பைக் கொடுங்கள். டி65, 2 பாகைக்கு 95.047, 100, 108.883 வர வேண்டும். டி65, 10 பாகைக்கு 94.811, 100, 107.304. டி50, 2 பாகைக்கு 96.422, 100, 82.521. ஏ ஒளி, 2 பாகைக்கு 109.850, 100, 35.585. 10 நனோமீற்றர் கூட்டலில் இரண்டாம் தசமத்தில் சிறு வேறுபாடு வரலாம். ஒன்றிரண்டு அலகு விலகினால் அட்டவணை ஒரு வரி நகர்ந்திருக்கிறது, அல்லது விளிம்பை வெட்டிவிட்டீர்கள்.

இந்த மூன்று எண்களுக்கு வெண்புள்ளி என்று பெயர். அடுத்த படிக்கு இவை வேண்டும்.

ஆறாம் படி: லேப்

எக்ஸ்-ஒய்-இசட் கண்ணின் உணர்வுக்குச் சீராக இல்லை. 1976-இல் சிஐஇ வகுத்த லேப் வெளி அந்தக் குறையைப் பெருமளவு ஈடுசெய்கிறது. முதலில் ஒவ்வொன்றையும் வெண்புள்ளியின் இணையான எண்ணால் வகுங்கள். வரும் விகிதம் 0.008856-ஐ விடப் பெரிதென்றால் அதன் கனமூலத்தை எடுங்கள். சிறிதென்றால் 7.787-ஆல் பெருக்கி 16/116-ஐக் கூட்டுங்கள். மிகக் கருமையான நிறங்களில் மட்டுமே இது தேவைப்படும். இப்படி வரும் மூன்று எண்களை எக்ஸ்-மூலம், ஒய்-மூலம், இசட்-மூலம் என்போம். பிறகு:

எல் = 116 × ஒய்-மூலம் − 16
ஏ = 500 × (எக்ஸ்-மூலம் − ஒய்-மூலம்)
பி = 200 × (ஒய்-மூலம் − இசட்-மூலம்)

எல் வெளிச்சம். ஏ கூடினால் சிவப்புப் பக்கம், குறைந்தால் பச்சை. பி கூடினால் மஞ்சள், குறைந்தால் நீலம்.

நம்முடைய சிவப்புத் துணியின் கூட்டல் முடிந்து டி65, 2 பாகையில் எக்ஸ் 20, ஒய் 11, இசட் 5 வந்ததாகக் கொள்வோம். விகிதங்கள் 0.2104, 0.11, 0.0459. கனமூலங்கள் 0.5948, 0.4791, 0.3581. எனவே எல் 39.6, ஏ 57.8, பி 24.2. கொஞ்சம் மஞ்சள் சாய்ந்த ஆழ்ந்த சிவப்பு.

வெண்புள்ளியைக் கலந்துவிடும் தவறு இங்கேதான் நுழைகிறது. 10 பாகையில் எக்ஸ்-ஒய்-இசட் கணித்துவிட்டு 2 பாகை வெண்புள்ளியால் வகுத்தால், முழு வெள்ளைக்கு ஏ −0.41, பி 0.97 என்று வரும். தூய வெள்ளை ஏறக்குறைய ஓர் அலகு மஞ்சளாகிவிடுகிறது. பல வாங்குநர்கள் அனுமதிக்கும் நிற வித்தியாசமே ஒரு அலகுதான். சாயத் தொட்டியில் எவ்விதக் குறையும் இல்லாத துணி, விரிதாளின் ஒரு கட்டத்தால் நிராகரிக்கப்படலாம். கணக்கு மிக அழகாக ஓடி, பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் தவறான விடை தரும் இடம் இது. அதனால்தான் ஒளியையும் அவதானியையும் ஒவ்வொரு நிரலின் தலைப்பிலும் எழுதச் சொல்கிறேன்.

ஏழாம் படி: திரைக்காக எஸ்ஆர்ஜிபி

எஸ்ஆர்ஜிபி 1999-இல் நியமமான வெளி. அதன் வெண்புள்ளி டி65, 2 பாகை. ஆகவே நிறமாலை கையில் இருந்தால், திரைக்கென்று டி65, 2 பாகையிலேயே புதிதாக எக்ஸ்-ஒய்-இசட் கணியுங்கள். தொழிற்சாலைக்காகக் கணித்த 10 பாகை எண்களை இங்கே நுழைக்க வேண்டாம். எக்ஸ்-ஒய்-இசட்டை 100-ஆல் வகுத்து இந்தத் தாயத்தால் பெருக்குங்கள்:

சிவப்பு = 3.2406 × எக்ஸ் − 1.5372 × ஒய் − 0.4986 × இசட்
பச்சை = −0.9689 × எக்ஸ் + 1.8758 × ஒய் + 0.0415 × இசட்
நீலம் = 0.0557 × எக்ஸ் − 0.2040 × ஒய் + 1.0570 × இசட்

நம் துணிக்கு 0.4541, 0.0146, 0.0416 வருகின்றன. இவை ஒளியின் நேரடி அளவுகள். திரைக்கு அனுப்புமுன் வளைக்க வேண்டும். 0.0031308 அல்லது அதற்குக் கீழே என்றால் 12.92-ஆல் பெருக்குங்கள். மேலே என்றால் 1/2.4 அடுக்குக்கு உயர்த்தி, 1.055-ஆல் பெருக்கி, 0.055-ஐக் கழியுங்கள். பின்னர் 255-ஆல் பெருக்கி முழு எண்ணாக்குங்கள். விடை 180, 32, 57. இதே முறையில் 18 சதவீதச் சாம்பல் 118, 118, 118 ஆக வர வேண்டும். நிரலைச் சோதிக்க இதை வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா நிறமும் இப்படி அடங்காது. மயில்நீலச் சேலை ஒன்றின் எண்கள் 15, 25, 35 என்றால், தாயத்தின் முதல் வரி −0.073 தருகிறது. சிவப்பு ஒளி சுழியத்துக்கும் கீழே வேண்டும் என்று பொருள்; சாதாரணத் திரையால் அந்த நிறத்தைக் காட்டவே முடியாது. பல நிரல்கள் அதைச் சுழியமாக்கிவிட்டுப் பேசாமல் போகும்; நிறச்சாயல் நகர்ந்துவிடும். நான் விரும்பும் வழி வேறு: லேப்பில் எல் எண்ணையும் சாயலின் கோணத்தையும் மாறாமல் பிடித்துவைத்து, செறிவை மட்டும் சிறிது சிறிதாகக் குறைத்து, மூன்று எண்களும் 0-க்கும் 1-க்கும் இடையே விழும் இடத்தில் நிறுத்துவது. இணையக் கடையில் படத்தைப் பார்த்து வாங்குபவரிடம், இந்த நிறம் திரையில் மங்கித் தெரியும் என்று ஒரு வரி எழுதிவிடுவதும் நேர்மை.

எஸ்ஆர்ஜிபி எண்ணிலிருந்து திரும்பிப் போய் லேப் கணிப்பதை மட்டும் செய்யாதீர்கள். முழு எண்ணாக்கியபோதும் வெட்டியபோதும் இழந்தது திரும்பி வராது.

டி50-உம் டி65-உம் சந்திக்கும் இடம்

வடிவமைப்பாளர் போட்டோஷொப்பில் பார்த்த லேப் எண்ணை அனுப்புவார். அது டி50-இல் இருக்கும். ஆய்வுகூடத்தின் லேப் டி65, 10 பாகையில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கழித்தால் வரும் வித்தியாசத்துக்குப் பொருளே இல்லை. நிறமாலை இருந்தால் டி50, 2 பாகையில் மீண்டும் கணித்து அனுப்புங்கள். வெறும் எக்ஸ்-ஒய்-இசட் மட்டும் இருந்தால் பிராட்ஃபோர்ட் தாயத்தால் ஒரு வெண்புள்ளியிலிருந்து மற்றதற்குப் பெயர்க்கலாம். அது நல்ல ஊகமே தவிர அளவீடு ஆகாது. அதனால்தான் 31 எண்களையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்கிறேன்.

எட்டாம் படி: இரண்டு ஒளியில் ஒப்பிடுதல்

இனி சேலைக்கும் சட்டைத்துணிக்கும் வருவோம். இரண்டின் நிறமாலையையும் அளந்து, டி65-இல் இரண்டுக்கும் லேப் கணியுங்கள். எல், ஏ, பி வித்தியாசங்களை வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1976-இன் டெல்டா ஈ என்ற நிற வித்தியாச எண் வரும். துணித்துறையில் சிஎம்சி 2:1 சூத்திரமும், பொதுவில் சிஐஇடிஈ2000 சூத்திரமும் கண்ணின் தீர்ப்போடு கூடுதலாக ஒத்துப்போகும். ஒப்பந்தத்தில் எது எழுதப்பட்டிருக்கிறதோ அதையே பயன்படுத்துங்கள்.

அடுத்து அதே இரண்டு நிறமாலைகளையும் ஏ ஒளியிலும், ஓர் எல்ஈடி அட்டவணையிலும் கணியுங்கள். ஒவ்வோர் ஒளிக்கும் அதற்குரிய வெண்புள்ளி. டி65-இல் 0.4, எல்ஈடியில் 0.5, ஏ ஒளியில் 3 என்று வந்தால், அந்தத் துணிகள் பகலிலும் கடையிலும் பொருந்தி, இழை விளக்கு எரியும் கல்யாண மண்டபத்தில் பிரிந்துவிடும். காரணம் வளைகோடுகளில் தெரியும். இரண்டு நிறமாலைகளையும் ஒரே வரைபில் போடுங்கள். அவை பல இடங்களில் ஒன்றையொன்று வெட்டிக் கடந்தால் சாயக் கலவைகள் வேறு. ஒளியை மாற்றி மாற்றிப் பார்த்துச் சாயத்தைத் திருத்துவதில் காலம் போகும். சாயங்களையே மாற்றி, வளைகோடு வளைகோட்டின் மேல் படியும்படி செய்வதுதான் நிலைத்த வைத்தியம். லேப் எண் மட்டும் கையில் இருந்தால் இந்தச் சோதனை எதையும் செய்ய முடியாது.

கருவிகள்

பைதானில் கலர் சயன்ஸ் என்ற இலவச நூலகம் மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்கிறது. ஏஎஸ்டிஎம் ஈ308 முறையும் அதில் உண்டு. ஆர்கில் சிஎம்எஸ் தொகுப்பிலும் நிறமாலைக் கோப்பை நிற எண்களாக்கும் கட்டளை இருக்கிறது. ஆனாலும் ஒருமுறையாவது விரிதாளில் கையால் செய்யுங்கள். பிறகு அதே கோப்பை மென்பொருளில் போட்டு ஒப்பிடுங்கள். இரண்டாம் தசமத்தில் வேறுபட்டால் இடைவெளியும் நிறையிடலும் காரணம், விட்டுவிடலாம். அரை அலகோ அதற்கு மேலோ வேறுபட்டால் இந்த ஒழுங்கில் தேடுங்கள்: முதலில் அவதானி, அடுத்து வெண்புள்ளி, அடுத்து விளிம்பு, கடைசியாகச் சதவீதமும் பின்னமும்.

கோப்பின் பெயரிலேயே ஒளி, அவதானி, அளவீட்டு அமைப்பு, பளபளப்புச் சேர்ந்ததா விலக்கியதா, புற ஊதா நிலை, திகதி ஆகியவற்றை எழுதிவிடுங்கள். மென்பொருள் மாறும், ஆள் மாறுவார். அந்தப் பெயரை வைத்து அடுத்தவர் அதே எண்ணை மீண்டும் கணித்துவிடலாம்.